கைனேஸ் பாதைகள்: அம்புக்குறிகளை நம்புவதால் வரும் தவறுகள்

புரதக் கைனேஸ் என்பது செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, வேறொரு புரதத்திலுள்ள செரின், திரியோனின், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்களுள் ஒன்றின்மீது பொருத்தும் நொதி. மனிதருக்கு இத்தகைய கைனேஸ்கள் 518 இருப்பதாக 2002-ஆம் ஆண்டில் பட்டியலிட்டார்கள். வளர்ச்சி, செல் பிரிதல், சர்க்கரைச் சேமிப்பு, நோய் எதிர்ப்பு என எந்த வேலையை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் சிலவற்றின் தலையீடு அதில் இருக்கும். ஒரு கைனேஸ் அடுத்ததன்மீது செயல்படும் தொடர்களே கைனேஸ் பாதைகள்; பாடநூல்கள் இப்பாதைகளை மேலிருந்து கீழிறங்கும் அம்புக்குறிகளாக வரைகின்றன. மனப்பாடத்துக்கு அது வசதிதான். ஆனால் மாணவர்களும், சில வேளைகளில் மருத்துவச் செய்தி எழுதுவோரும் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி அந்தப் படத்தை அப்படியே நம்புவதால் வருகிறது.

பாஸ்பேட் ஏறினால் புரதம் செயல்படும், இறங்கினால் ஓய்ந்துவிடும் என்று எண்ணுவது அவற்றுள் முதன்மையானது. 1950-களில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் ஆராய்ந்து, 1992-இல் நோபல் பரிசு பெறக் காரணமான, சேமித்த சர்க்கரையான கிளைகோஜனைப் பிளக்கும் கிளைகோஜன் பாஸ்பாரிலேஸ் நொதி அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆனால் அதே கிளைகோஜனை உருவாக்கும் சின்தேஸ் நொதியோ பாஸ்பேட் ஏறினால் முடங்கிப்போகிறது. உணவுக்குப் பின் சுரக்கும் இன்சுலின், தானே ஒரு டைரோசின் கைனேஸாகிய தன் ஏற்பியின் வழியாக ஏகேடி என்னும் கைனேஸைத் தூண்டுகிறது. ஏகேடி, ஜிஎஸ்கே3பீட்டா என்னும் இன்னொரு கைனேஸின் ஒன்பதாம் இடத்துச் செரினில் பாஸ்பேட்டை ஏற்றி அதை அடக்குகிறது. அது அடங்கியதும் சின்தேஸின்மீது புதிய பாஸ்பேட் ஏறுவது குறைய, ஏற்கெனவே இருந்ததைப் பாஸ்படேஸ் நொதி கழற்றிவிட, சேமிப்பு தொடங்குகிறது. ஒரே புரதத்துக்குள்கூட இடத்துக்கு இடம் பலன் மாறும். எஸ்ஆர்சி கைனேஸின் வால்பகுதி டைரோசினில் பாஸ்பேட் இருந்தால் அது மூடிக்கொள்ளும். நடுவிலுள்ள செயலூக்க வளையத்தில் இருந்தால் முழு வேகத்தில் இயங்கும். ஆகவே, எந்த இடத்தில் என்று சொல்லாமல் ‘புரதம் பாஸ்பேட் ஏற்றம் பெற்றது’ என்று மட்டும் எழுதினால், அந்த வாக்கியம் ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை.

பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்படேஸ்களை மறப்பது அடுத்த பிழை. ஆய்வகத்தில் அதற்கு உடனே தண்டனை கிடைக்கும். செல்லை உடைக்கும் கரைசலில் சோடியம் ஆர்த்தோவனடேட், சோடியம் ஃபுளோரைடு போன்ற தடுப்பான்களைச் சேர்க்காமலும், மாதிரியைப் பனிக்கட்டியில் வைக்காமலும் விட்டால், புரதங்களைப் பிரித்து அடையாளம் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் தெரியவேண்டிய பாஸ்போ-எர்க் (எர்க் என்னும் கைனேஸின் பாஸ்பேட் ஏறிய வடிவம்) பட்டைகள் மங்கிப்போகும்; சமிக்ஞையே எழவில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். மொத்த எர்க் அளவையும் பக்கத்தில் காட்டாவிட்டால், பாஸ்பேட் கூடியதா, புரதமே கூடியதா என்பதும் தெரியாது. ஒரே ஒரு நேரப்புள்ளியில் அளப்பதும் ஏமாற்றும். எலியின் அட்ரீனல் கட்டியிலிருந்து பெறப்பட்ட பிசி12 செல்களுக்கு இஜிஎஃப் வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் எர்க் சிறிது நேரம் எழுந்து தணிகிறது, செல்கள் பெருகுகின்றன. நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் எர்க் மணிக்கணக்கில் நீடிக்கிறது, அதே செல்கள் பெருக்கத்தை நிறுத்திவிட்டு நரம்பு செல்களைப்போல் இழைகளை நீட்டுகின்றன. ஐந்தாம் நிமிடத்தில் மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

கைனேஸ் என்றாலே புற்றுநோய்க் காரணி என்று பேசுவதும் சரியன்று. எல்கேபி1 ஒரு கட்டியடக்கி. அதன் மரபணுவில் ஒரு பிரதி பிறப்பிலேயே பழுதானவர்களுக்குத்தான் குடலில் கட்டிகள் தோன்றும் பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோய் வருகிறது. பிடிகே கைனேஸ் வேலை செய்யாத ஆண் குழந்தைகளுக்கு பி செல்கள் முதிர்வதில்லை, எதிர்ப்புரதங்களும் உருவாவதில்லை. 1952-இல் புரூட்டன் விவரித்த நோய் இது. அதே பிடிகேயைத் தடுக்கும் இப்ரூட்டினிப், பி செல் புற்றுநோய் சிலவற்றுக்கு மருந்தாக இருக்கிறது. (புற்றுநோய்க் கைனேஸ்களின் பட்டியலில் எப்போதும் நுழைக்கப்படும் ராஸ், கைனேஸே அன்று, அது ஜிடிபி (GTP) மூலக்கூறைப் பிளக்கும் வேறு வகைப் புரதம்.)

மருத்துவத்தில் விலை அதிகமான பிழை, ஒரே மரபணு மாற்றத்துக்கு ஒரே மருந்து எங்கும் பலிக்கும் என்று நம்புவதே. எர்க்குக்கு மேலுள்ள பி-ராஃப் கைனேஸில் வி600இ என்னும் மாற்றம் கொண்ட மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வெமுராஃபெனிப் கட்டியைச் சுருக்கியது. 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதலும் கிடைத்தது. அதே மாற்றம் கொண்ட பெருங்குடல் புற்றுநோயிலோ மருந்து தனியே கொடுக்கப்பட்டபோது பயன் மிகச் சொற்பம். பி-ராஃப் தடுக்கப்பட்டதும் மேலிருக்கும் இஜிஎஃப்ஆர் ஏற்பியின்மீதிருந்த பின்னூட்டத் தடை நீங்கி, அது பாதையை மீண்டும் இயக்கிவிடுகிறது. மெலனோமா செல்களில் அந்த ஏற்பி பொதுவாக மிகக் குறைவு. அதனால்தான் பெருங்குடலுக்கு இஜிஎஃப்ஆர் தடுப்பானையும் சேர்த்துக் கொடுக்க நேர்ந்தது. மாற்றமில்லாத பி-ராஃப் உள்ள செல்களில் இம்மருந்து பாதையை அடக்குவதற்குப் பதில் தூண்டவும் செய்யும். ராஃப் புரதங்கள் இரட்டையாக இணையும்போது ஒன்றில் மருந்து அமர்ந்தால் மற்றொன்று செயல்படத் தொடங்குகிறது. சிகிச்சை பெற்ற சிலருக்குத் தோலில் புதுக் கட்டிகள் தோன்றியது இதனால்தான்.

இமாட்டினிப்பை ‘ஒரே இலக்கை மட்டும் தாக்கும் மருந்து’ என்று வருணிப்பதும் மிகையே. 2001-இல் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு வந்த அது அந்நோயை உண்டாக்கும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) கைனேஸோடு கிட், பிடிஜிஎஃப்ஆர் ஆகிய கைனேஸ்களையும் தடுக்கிறது. குடல்சார் கட்டியான ஜிஸ்ட்டில் பயன்படுவது அந்தக் ‘கூடுதல்’ குணத்தால்தான். மருந்து பலிக்காமல் போனால் பாதை மாறிவிட்டது என்று உடனே சொல்லவும் கூடாது. டி315ஐ மாற்றத்தில் ஏபிஎல்லின் ஒரு திரியோனின், ஐசோலூசினாக மாறி மருந்து அமரும் பள்ளத்தை அடைத்துக்கொள்கிறது. புற்றுநோய் அப்போதும் அதே கைனேஸை நம்பித்தான் வாழ்கிறது, அதனால் பொனாட்டினிப் பலிக்கிறது. ரத்த எண்ணிக்கை சீராகிவிட்டது என்று நோயாளி தாமாகவே மாத்திரையை நிறுத்துவது இன்னும் ஆபத்தானது. ஆழ்ந்த மூலக்கூறு நிலைத் தணிவை (நோயின் மரபணுத் தடயம் ஏறக்குறைய இல்லாத நிலையை) ஆண்டுக்கணக்கில் தக்கவைத்து, மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தியவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள். உடனே மருந்தைத் தொடங்கினால் அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு அது மறுபடி அடங்குவதால்தான், நிறுத்திய தொடக்க மாதங்களில் அந்தத் தடயத்தை அளக்கும் பிசிஆர் (PCR) பரிசோதனையை மாதந்தோறும் செய்யச் சொல்கிறார்கள்.