மாரியில தாழமுக்கம் எங்கால போகும்: திருகோணமலையில இருந்து நீங்களே பாக்கிற விதம்

ஐப்பசி பிறந்தா காணும், "புயல் திருமலைக்குத்தான்" எண்டு வாட்ஸ்அப்ல ஒரு படம் சுத்தத் தொடங்கிடும், சிவப்புக் கோடு ஒண்டு நேர வந்து கோணேசர் மலையில முட்டி நிக்கும். அது உண்மையோ இல்லையோ எண்டு நீங்களே பாக்கலாம், ஒரு போனும் பொறுமையும் இருந்தாப் போதும்.

முதல்ல படத்தில திகதியத் தேடுங்க, பிறகு எந்த மொடல் (வானிலையக் கணக்குப் போடுற கணினி நிரல்), எந்த ரன் (அது ஒருக்கா ஓடிப் போட்ட கணக்கு) எண்டு பாருங்க. ஜிஎஃப்எஸ் அமெரிக்காக்காரர்ட, ஈசிஎம்டபிள்யூஎஃப் ஐரோப்பாக்காரர்ட, ரெண்டும் நாளுக்கு நாலு தரம் புதுசா ஓடும். நேரம் யூடிசியில போட்டிருக்கும், அதோட அஞ்சரை மணித்தியாலம் கூட்டினா எங்கட நேரம், அப்ப 00 ரன் எண்டா எங்களுக்கு விடிய 5.30 நிலவரத்தில தொடங்கினது, ஆனா கணக்கு முடிஞ்சு படம் வெளியால வர இன்னும் சில மணித்தியாலம் செல்லும். விண்டி அப்ல ரெண்டையும் மாத்தி மாத்திப் பாக்கலாம்.

ஒரு ரன்ன மட்டும் பாத்து முடிவெடுக்காதீங்க. தொடர்ந்து நாலு ரன் பாருங்க, கோடு ஒரே இடத்தில நிக்குதா இல்லாட்டி ஒவ்வொரு தரமும் வடக்கால வடக்கால நகருதா எண்டதுதான் விசயம். பத்து நாளுக்கு அங்கால ஜிஎஃப்எஸ் காட்டுற பெரிய சுழியள நான் கணக்கில எடுக்கிறதே இல்ல. தாழமுக்கம் உருவாக முதல் அதின்ட மையம் எங்க எண்டு மொடலுக்கே சரியாத் தெரியாது, மையம் 100 கிலோமீற்றர் தள்ளித் தொடங்கினா பாதையும் மாறிடும். ஈசிஎம்டபிள்யூஎஃப்ட என்செம்பிள்ல 51 கணக்கு ஒண்டா ஓடும், அந்தக் கோடெல்லாம் பொத்துவில்ல இருந்து சென்னை வரைக்கும் விரிஞ்சு கிடந்தா இன்னும் ஒண்டும் முடிவாகேல்ல எண்டு அர்த்தம்.

பாதையை விட மழைதான் எங்களுக்கு முக்கியம், இத நான் திரும்பத் திரும்பச் சொல்லுவன். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கத்தால கரை ஏறினது எல்லாருக்கும் ஞாபகம். 2024 இல ஃபெங்கல் இங்க கரை ஏறவே இல்ல, கிழக்குக் கரையோட மெல்ல மெல்ல ஊர்ந்து போய் புதுச்சேரிப் பக்கம் ஏறினது, அப்பிடியிருந்தும் கிழக்கு மாகாணம் வெள்ளத்தில நிண்டது. 2025 திட்வாவில காத்தை விட மழைதான் மலைநாட்டில மண்சரிவாகி அத்தனை உயிரக் கொண்டுபோனது. அதால சுழி எவ்வளவு மெதுவா நகருது எண்டும், மொத்த மழை எத்தனை மில்லிமீற்றர் எண்டும் பாருங்க. மூதூர், வெருகல் ஆக்கள் மலைநாட்டு மழையையும் சேத்துப் பாக்கோணும், இங்க வெயில் எறிச்சாலும் மகாவலித் தண்ணி பிந்தி வரும்.

கிட்ட வந்தாப் பிறகு வீட்டு முத்தத்தில நிண்டே கொஞ்சம் பிடிக்கலாம். காத்துக்கு நேர முகத்தக் குடுத்து நில்லுங்க, மையம் உங்கட வலக்கைப் பக்கம் இருக்கும். சுழி கிழக்கால வரேக்க முதல்ல வாடைதான், அதாவது வடக்குப் பக்கத்துக் காத்துத்தான் அடிக்கும். அது கொண்டலாகி (கிழக்குக் காத்து) தென்கிழக்குக்குத் திரும்பினா மையம் எங்களுக்குத் தெற்கால போகுது, வடக்கு, வடமேற்கு எண்டு திரும்பிக் கச்சானா (மேற்குக் காத்து) வந்தா வடக்கால போகுது. சில போன்ல அமுக்கம் அளக்கிற சென்சர் இருக்கு, ஆனா காலம்பிற 10 மணிக்கும் பின்னேரம் 4 மணிக்கும் இடையில அமுக்கம் ஒவ்வொரு நாளும் தானா 3 ஹெக்டோபஸ்கால் (அமுக்கத்தின்ட அலகு) அளவுக்கு இறங்கும், அதப் பாத்துப் பயப்பிடக் கூடாது, நேற்று இதே நேரத்தோட ஒப்பிடுங்க. அப்பிடிப் பாத்தும் 5 குறைஞ்சிருந்தா சுழி கிட்டத்தான்.

இன்னொண்டு, காத்து மணிக்கு 62 கிலோமீற்றரத் தாண்டினாத்தான் புயலுக்குப் பேர் வைப்பாங்க. புயல் எச்சரிக்கை குடுக்கிற அமெரிக்க மையமான ஜேடிடபிள்யூசி காத்தின்ட வேகத்துக்கு ஒரு நிமிசச் சராசரி எடுக்கும், இந்திய வானிலைத் துறை மூண்டு நிமிசம், அதால அமெரிக்கக் கணக்கு பொதுவா கொஞ்சம் கூடத் தெரியும், ரெண்டையும் கலந்து "புயல் பலமாகிட்டு" எண்டு எழுதாதீங்க.

கடலுக்குப் போறதா, வீட்ட விட்டு எழும்புறதா எண்ட முடிவுக்கு வளிமண்டலவியல் திணைக்கள அறிவித்தலத்தான் கேக்கோணும், அவசரத்துக்கு 117. நீங்க படம் ஏதும் அனுப்புறதெண்டா மொடல் பேரும் ரன் நேரமும் போட்டு அனுப்புங்க, அடுத்த ரன் வந்து மாறினா அதையும் அதே குரூப்ல போடுங்க.