உடனடி நூடுல்ஸ்: எதற்கோ பயந்து உப்பைக் கோட்டைவிடுகிறோம்

உடனடி நூடுல்ஸ் கெடுதல் என்று பேச்சு வந்தாலே முதலில் அஜினோமோட்டோவைச் சொல்வார்கள், அப்புறம் மெழுகை. பாக்கெட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் சோடியம் அளவைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான்.

மெழுகு விஷயத்தை முடித்துவிடலாம். நூடுல்ஸில் மெழுகு பூசுவதில்லை. வேக வைக்கும்போது தண்ணீரில் மிதக்கும் பளபளப்பு எண்ணெய். 1958இல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ அறிமுகப்படுத்திய முறைதான் இன்றும் பரவலாக இருக்கிறது. நூடுல்ஸை ஆவியில் வேகவைத்து, கொதிக்கும் எண்ணெயில் பொரித்து ஈரத்தை வெளியேற்றுவார்கள். ஈரம் போன இடத்தில் நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. அதனால்தான் சில நிமிடங்களில் வெந்துவிடுகிறது. அந்தத் துளைகளில் எண்ணெயும் தங்கிவிடும். பொரித்த நூடுல்ஸின் எடையில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் கொழுப்பு. பெரும்பாலும் பாமாயில்; அதில் பாதியளவு நிறைவுற்ற கொழுப்பு. இல்லாத மெழுகைத் தேடுவதை விட்டு இதைக் கவனிக்கலாம்.

அஜினோமோட்டோ என்று நாம் சொல்லும் மோனோசோடியம் குளுட்டமேட்டில் இருக்கும் குளுட்டமேட், தக்காளியிலும் காளானிலும் சீஸிலும் இயற்கையாகவே உண்டு. வெறும் வயிற்றில் 3 கிராமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டால் சிலருக்குத் தலைவலி, மதமதப்பு போன்றவை சற்று நேரம் வரலாம். ஒருவேளை உணவில் சாதாரணமாக அவ்வளவு சேர்வதில்லை. எடைக்கு எடை பார்த்தால், சமையல் உப்பில் இருக்கும் சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இதில் இருக்கிறது. ஆகவே ‘அஜினோமோட்டோ சேர்க்கப்படவில்லை’ என்று அச்சிட்ட பாக்கெட்டை நிம்மதியாக வாங்கி, அதன் உப்பைப் பார்க்காமல் விடுவது பெரிய தவறு.

சரி, உப்புக்கு வருவோம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. லேபிளில் அளவை 100 கிராமுக்கோ ஒரு பரிமாறலுக்கோ போட்டிருப்பார்கள்; நாம் சாப்பிடுவதோ முழு பாக்கெட். 100 கிராமுக்கு 1100 மி.கி. சோடியம் என்று இருந்தால், 80 கிராம் பாக்கெட்டில் 880 மி.கி. இதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும்: 2.2 கிராம். ஒரே ஒரு பாக்கெட்டில் ஒரு நாள் கணக்கில் பாதியை நெருங்கிவிட்டோம். இதைவிட அதிகம் உள்ள வகைகளும் நிறைய இருக்கின்றன.

இந்த உப்பில் பெரும்பங்கு மசாலா பாக்கெட்டில் இருக்கிறது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, முழு மசாலாவையும் அதன்மேல் தூவுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். தண்ணீரோடு கொஞ்சம் எண்ணெயும் நூடுல்ஸில் இருக்கும் சிறிது உப்பும் போகும், அவ்வளவுதான். மசாலாவைப் பாதியாகக் குறைப்பதுதான் பலன் தரும். சூப்பாகச் செய்தால் உப்பு அந்தத் தண்ணீரில்தான் கரைந்திருக்கும். அதைக் குடிக்காமல் மிச்சம் வைக்கலாம். மசாலாவைக் குறைத்துவிட்டு ருசி போதவில்லை என்று சோயா சாஸ் ஊற்றுவதும் வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி சாஸிலேயே சுமார் 900 மி.கி. சோடியம் இருக்கும். மிளகு, பூண்டு, எலுமிச்சைச் சாறு போதும்.

காய்கறியும் முட்டையும் சேர்ப்பது நல்லதுதான்; நார்ச்சத்தும் புரதமும் கூடும். ஆனால் அதனால் உப்பு குறைந்துவிடாது. எண்ணெயில் பொரிக்காமல் காற்றில் உலர்த்திய வகைகளும் அப்படித்தான்: கொழுப்பு குறையும், மசாலா அதே மசாலா. முழுக்கோதுமை என்று எழுதியிருந்தால், பொருள்பட்டியலில் அது எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

எண்ணெய் கெடாமலிருக்கச் சேர்க்கும் டிபிஎச்க்யூ (எண் 319) பற்றியும் பயமுறுத்தும் செய்திகள் சுற்றுகின்றன. அனுமதித்த அளவுக்குள் அது கவலைப்படும்படியான பொருள் இல்லை.

எத்தனை முறை சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். 2014இல் வெளியான ஒரு தென்கொரிய ஆய்வில், வாரத்துக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ சாப்பிட்ட பெண்களிடம் வளர்சிதை மாற்றக் கோளாறு (வயிற்றுக் கொழுப்பு, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை போன்றவை ஒன்றாகக் கூடியிருக்கும் நிலை) அதிகம் காணப்பட்டது. நூடுல்ஸ்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் தினமும் ஒரு வேளை உணவாக்கிக்கொள்ளாமல் இருக்க இந்த எச்சரிக்கை போதும்.

கடைசியாக ஒன்று. ‘உப்பு குறைத்தது’ என்று விற்கும் சில வகைகளில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது ஆபத்தாகலாம். வீட்டில் அப்படி யாராவது இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் அந்த வகையைக் கொடுக்காதீர்கள்.