ஆங்கிலம் புரிகிறது, பேசத்தான் வரவில்லையா? வாயைப் பழக்கும் வழி

படம் பார்த்தால் புரிகிறது. மெயில் எழுதினால் பிழை இல்லை. ஆனால் யாராவது நேரில் இரண்டு கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கான பதிவு இது. நானும் பல வருடம் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். ஒவ்வொரு முறை திணறியதும் ஒரு இலக்கணப் புத்தகத்தை எடுப்பேன், பத்துப் பக்கம் படிப்பேன், மூடி வைப்பேன். படிப்பது கண்ணுக்கு வேலை. பேச வேண்டியது வாய், பிடிக்க வேண்டியது காது. அந்த இரண்டுக்கும் நான் வேலையே கொடுத்ததில்லை என்பது ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது.

தேவையானவை: ஒரு ஃபோன், அதிலேயே இருக்கும் குரல் பதிவு ஆப், இயர்ஃபோன், தினமும் 20 நிமிடம். காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம்.

படி 1: இன்றைக்கே ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள்

"நேற்று நான் என்ன செய்தேன்" என்பதை, எதையும் எழுதிவைத்துக்கொள்ளாமல், ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்யுங்கள். கோப்புக்குத் தேதியைப் பெயராக வையுங்கள். பிறகு கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு கேளுங்கள். எங்கே நின்றுபோனீர்கள், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது, எந்த வாக்கியம் பாதியில் தொங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். என்னுடைய முதல் பதிவில் "ஆக்சுவலி" மட்டும் 11 முறை. நடுவில் இரண்டு இடத்தில் "வந்து" என்று சுத்தத் தமிழே வந்துவிட்டது.

எதையும் இப்போது திருத்த வேண்டாம்.

படி 2: வினைச்சொல்லை முன்னால் இழுங்கள்

திணறலுக்குப் பெரிய காரணம் சொல்வளம் குறைவு என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது வாக்கிய அமைப்பு. "ரயில் தாமதமானதால் நான் மீட்டிங்கைத் தவறவிட்டேன்" என்கிறோம். தமிழில் காரணம் முதலில் வரும், வினை கடைசியில் வரும். இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாற்றினால், மொத்த வாக்கியமும் தலைக்குள் முடியும்வரை வாய் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் எதிரே இருப்பவருக்குத் திணறலாகத் தெரிகிறது.

ஆங்கிலத்தில் யார், என்ன செய்தார் என்பது முதலிலேயே வந்துவிடும்: "ஐ மிஸ்ட் த மீட்டிங்". அங்கேயே ஒரு வாக்கியம் முடிந்துவிட்டது. மூச்சு விடுங்கள். பிறகு "பிகாஸ் த ட்ரெய்ன் வாஸ் லேட்". முதல் துண்டு வெளியே வந்துவிட்டதால், நடுவில் இரண்டு நொடி நின்றாலும் யோசிக்கிறீர்கள் என்றுதான் தோன்றும்.

பயிற்சி இதுதான். நாள் முழுக்க நடப்பதை மூன்று நான்கு சொல்லில் சொல்லுங்கள்: "ஐ ஓப்பன்ட் த டோர்." "ஷி கால்ட் மீ." நிறுத்துங்கள். அப்புறம் எங்கே, எப்போது, ஏன் என்று ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். முதல் இரண்டு வாரம் இதை மட்டும் செய்தாலும் போதும் என்பேன்.

தமிழிலிருந்து அப்படியே தாவும் சில பழக்கங்களையும் இங்கேயே பார்த்துவிடலாம். நம்முடைய "-தான்" ஆங்கிலத்தில் "ஒன்லி" ஆகிவிடுகிறது. "நான்தான் சொன்னேன்" என்பதை "ஐ ஒன்லி டோல்ட்" என்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையைக் குரல் செய்யும்: "ஐ" என்ற சொல்லை ஓங்கி அழுத்தி "ஐ செட் இட்" என்றால் போதும். "எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு" என்பது "ஐ ஆம் ஹேவிங் எ டவுட்" ஆகிறது. வெளியாள் காதில் அது, நீங்கள் அவர் சொன்னதை நம்பவில்லை என்று விழலாம். "ஐ ஹேவ் எ கொஸ்டியன்" என்று கேளுங்கள்.

படி 3: தமிழ் வாய் தானாகச் செய்வதைக் கவனியுங்கள்

பள்ளியில் குற்றியலுகரம் படித்தோமே, நினைவிருக்கிறதா? தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, கடைசியில் ஒரு உகரம் வேண்டும். அதனால்தான் "புக்" நம் வாயில் "புக்கு" ஆகிறது, "பஸ்" கூட "பஸ்ஸு" ஆகிறது. பேச்சுத் தமிழில் எகரத்துக்கு முன் ய், ஒகரத்துக்கு முன் வ் ஒட்டிக்கொள்ளும் பழக்கமும் சும்மா இருப்பதில்லை. "எனி" என்பது "யெனி", "ஓப்பன்" என்பது "வோப்பன்". இது அறியாமை இல்லை, நம் மொழியின் விதி வேறொரு மொழியில் போய் வேலை செய்கிறது, அவ்வளவே. தெரிந்துகொண்டால் நிறுத்த முடியும். "புக்" என்று சொல்லி, கடைசியில் வாயைத் திறக்காமல் அப்படியே பூட்டிவிடுங்கள்.

அடுத்தது நம் எழுத்தில் இல்லாத ஒலிகள். ஒருமுறை ஃபோனில் நடந்த மீட்டிங்கில் "ஐ வில் செண்ட் த ஃபைல்" என்று சொல்வதாக நினைத்து "பைல்" என்றேன். மறுமுனையில் இருந்தவர் அப்பாவியாக "பைல் ஆஃப் வாட்?" என்று கேட்டார். பைல் என்றால் குவியல். எதைக் குவித்து அனுப்பப்போகிறேன் என்று அவருக்குக் குழப்பம். "ப" சொல்லும்போது இரண்டு உதடும் ஒட்டும். "ஃப" சொல்லும்போது மேல்பல் கீழுதட்டைத் தொட்டு, இடையில் காற்று கசிய வேண்டும். கண்ணாடி முன் நின்றால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

"வ" கதையும் இப்படித்தான். மேற்குத் திசையும் "வெஸ்ட்", உள்ளாடையும் "வெஸ்ட்" என்றுதான் எழுதுகிறோம். திசைக்கு உதட்டைக் குவியுங்கள், பல் படக்கூடாது. ஆடைக்குப் பல் உதட்டில் பட வேண்டும். விலைக்கும் பரிசுக்கும் தமிழில் எழுதினால் ஒரே "பிரைஸ்"தான். தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள்: விலையின் கடைசி ஒலியில் அதிர்வு இருக்காது, பரிசின் கடைசி ஒலியில் வண்டு ரீங்காரம்போல் அதிரும்.

வாரத்துக்கு ஒரு ஒலி எடுத்தால் போதும். வெள்ளைக்காரர் மாதிரி நாக்கைச் சுழற்ற வேண்டியதில்லை. எனக்கு அது பிடிக்கவும் பிடிக்காது. கேட்பவருக்கு எந்தச் சொல் என்று குழம்பாமல் இருந்தால் சரி.

படி 4: எந்த அசையில் அழுத்தம் என்று பாருங்கள்

தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று எழுத்தே சொல்லிவிடுகிறது. ஆங்கில எழுத்து அப்படிச் சொல்லாது. ஒரு அசையை ஓங்கிச் சொல்லி, மற்றவற்றை விழுங்குவார்கள். "ரெக்கார்ட்" பெயர்ச்சொல் என்றால் முதல் அசையில் அழுத்தம், "பதிவு செய்" என்ற வினை என்றால் இரண்டாவதில். "ஹோட்டல்", "டெவலப்" இரண்டுக்கும் நாம் முதல் அசையை அழுத்துகிறோம், அழுத்த வேண்டியது இரண்டாவதை. "ஃபோட்டோகிராஃப்" முதல் அசையில் ஓங்கும், "ஃபோட்டோகிராஃபர்" ஆனதும் அழுத்தம் இரண்டாவதற்கு நகர்ந்துவிடும். சந்தேகமான சொல்லை யூகிளிஷ் தளத்தில் தட்டினால், பலர் அதைப் பேசும் யூடியூப் காட்சிகளை வரிசையாகக் காட்டும். அகராதியைவிட அதுதான் எனக்கு உதவியது.

படி 5: ஒரு நிமிட ஒலியை ஒரு வாரம் பின்தொடருங்கள்

இதற்கு ஷேடோயிங் என்று பெயர். பேசுபவரின் நிழல் மாதிரி, அரை நொடி பின்னாலேயே அவர் சொல்வதைச் சொல்லிக்கொண்டு போவது. எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும் ஒலி வேண்டும். பிபிசியின் "6 மினிட் இங்கிலீஷ்" தோதானது. ரொம்ப வேகமாகத் தோன்றினால் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் கற்போருக்கான பழைய நிகழ்ச்சிகளைத் தேடுங்கள். 1959-ல் மெதுவான வேகத்தில், ஏறக்குறைய 1,500 சொற்களுக்குள் செய்தி சொல்லத் தொடங்கியவர்கள் அவர்கள். உலகச் செய்திக்கே 1,500 சொல் போதுமென்றால் நம் அன்றாடப் பேச்சுக்கு எவ்வளவு வேண்டும் என்று யோசியுங்கள்.

ஒரு நிமிடத் துண்டை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். முதல் நாள் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். இரண்டாம் நாள் எழுத்தோடு கேட்டு, அழுத்தம் விழும் சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். மூன்றாம் நாள் வேகத்தை 0.75-க்குக் குறைத்துக்கொண்டு கூடவே பேசுங்கள். அடுத்த மூன்று நாள் முழு வேகம். ஏழாம் நாள் உங்கள் குரலைப் பதிந்து, அசலோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

அப்போதுதான் சில விஷயம் பிடிபடும். "வாட் ஆர் யூ கோயிங் டு டூ" என்று ஆறு சொல்லாகப் படித்தது, பேச்சில் "வாட்டயூ கனா டூ" என்று ஒரே மூச்சில் போகும். அதை வாயால் ஒருமுறை சொல்லிப் பழகிவிட்டால், அடுத்தவர் சொல்லும்போது காதும் பிடித்துக்கொள்ளும்.

படி 6: ஆளோடு பேசுங்கள்

பேச ஆள் கிடைத்தால் ஒரு நிபந்தனை போடுங்கள்: நடுவில் திருத்தக்கூடாது, முடிந்தபின் இரண்டு தவறு மட்டும் சொல்லலாம். மாட்டிக்கொண்டால் கைகொடுக்க "லெட் மீ திங்க்", "வாட் ஐ மீன் இஸ்" மாதிரி இரண்டு மூன்று தொடர்களைத் தயாராக வையுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் ஃபோனின் வாய்ஸ் டைப்பிங்கிடம் பேசலாம். ஆனால் முழு வாக்கியம் சொன்னால் அது சூழலை வைத்து ஊகித்துச் சரியாகவே எழுதிவிடும். தனிச்சொல்லாகச் சொல்லிப் பாருங்கள், ஃபைலா பைலா என்பது அப்போது தெரியும்.

30-ஆம் நாள் அதே தலைப்பில், "நேற்று நான் என்ன செய்தேன்" என்று மறுபடி ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். முதல் பதிவையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். என்னுடைய இரண்டாவது பதிவில் "வந்து" காணாமல் போயிருந்தது. "ஆக்சுவலி" மட்டும் இன்னும் 4 முறை இருந்தது.