திருப்பத்தில் வண்டி இழுத்துப் பிடிக்கிறதா? ட்ரான்ஸ்ஃபர் கேஸை இறக்கும் முன்

கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துச் சேற்றில் ஃபோர் வீல் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு ஏறி இறங்கும் வண்டி, தார் ரோட்டுக்கு வந்து ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்ததும் யாரோ பிரேக்கை மிதித்ததுபோல் இழுத்துப் பிடிக்கும். டயர் தேயும், வண்டி தத்தும். உடனே ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போய்விட்டது என்று இறக்கச் சொல்லாதீர்கள். அதற்கு வெளியே உள்ள காரணங்களை முதலில் கழித்துவிடலாம்.

1. எந்த வகை வண்டி?

லீவரில் 2 எச் (இரண்டு சக்கரம் மட்டும்), 4 எச் (நாலும்), 4 எல் (நாலும், குறைந்த வேகத்தில்) என்று இருந்தால், ஃபோர் வீல் போட்டதும் முன், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிடும். தாரில் வழுக்காது, ஷாஃப்டில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். இது பழுதே இல்லை. லீவர் 2 எச்-க்கு வர மறுத்தால், நேராகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். 2 எச்-இலும் பிடித்தால்தான் கவலை.

எப்போதும் நாலு சக்கரமும் ஓடும் வகை என்றால், சென்டர் லாக் (முன், பின் ஷாஃப்டுகளை ஒன்றாகப் பூட்டுவது) போடாமலே தாரில் பிடிப்பது நிச்சயம் கோளாறுதான்.

2. டயர்

நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்தது. அல்லது பஞ்சருக்கு மாட்டிய ஸ்டெப்னி வேறு அளவு. நாலிலும் கையேட்டில் சொன்ன காற்றை நிரப்புங்கள். சமதளத்தில் டயர் தரையைத் தொடும் இடத்தில், டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். வண்டியை நேராகத் தள்ளி, டயர் கோடு மறுபடி அடியில் வந்ததும் தரையில் இன்னொரு கோடு. நடுவே உள்ள தூரத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். நாலு சக்கரத்துக்கும் இதேபோல். எப்போதும் நாலும் ஓடும் வகையில் சில கம்பெனிகள் சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கின்றன.

பழைய ஜீப்பில் ஒரு ஆக்சிலுக்கு மட்டும் வேறு பல் எண்ணிக்கையுள்ள கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) மாட்டியிருந்தாலும் இதே தொல்லைதான். செகண்ட்ஹேண்டில் வாங்கியவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

3. பிரேக்

கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக்கோ பேரிங்கோ பிடிக்கிறது. திருப்பத்தில் கட் கட் என்று சத்தம் வந்தால் முன் ஆக்சில் ஜாயின்ட்டைப் பாருங்கள்.

4. முன் ஷாஃப்டைக் கழற்றிப் பார்ப்பது

சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனை இது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஷாஃப்டை இணைக்கும் வட்டத் தட்டுகளான ஃப்ளேஞ்ச் இரண்டிலும் பெயின்ட் அடையாளம் வைத்துக் கழற்றினால், திரும்ப அதே இடத்தில் மாட்டலாம். முட்டம், குளச்சல் பக்கம் ஓடும் வண்டி என்றால் உப்புக் காற்றில் போல்ட் துருவேறியிருக்கும்; முந்தின நாளே துரு ஆயில் அடித்து வையுங்கள்.

இப்போது மெதுவாக வட்டமடியுங்கள். பிடிப்பு போய்விட்டால், கோளாறு ட்ரான்ஸ்ஃபர் கேஸிலோ அதன் கப்ளிங்கிலோ இருக்கிறது. போகாவிட்டால் ஆக்சில், பிரேக், ஸ்டீயரிங் பக்கம் போங்கள். ஒரு எச்சரிக்கை: சென்டர் டிஃபரன்ஷியல் (முன், பின் ஷாஃப்டுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பாகம்) உள்ள வண்டி, முன் ஷாஃப்ட் இல்லாமல் லாக் போடாவிட்டால் நகரவே நகராது, நிறுத்தும்போது கியரும் பிடிக்காது. ஹேண்ட் பிரேக்கை மறக்கக் கூடாது.

கரன்ட்டில் இயங்கும் கிளட்ச் இருந்தால், ஷாஃப்டைக் கழற்றும் முன்பே அதன் கனெக்டரை உருவி வட்டமடித்துப் பாருங்கள். பிடிப்பு விட்டால் சென்சார், வயரிங் பக்கம். விடாவிட்டால் உள்ளே பிளேட் ஒட்டியிருக்கலாம். வண்டி ஆறியிருக்கும்போது நன்றாகத் திரும்பி, சூடானதும் பிடித்தால் விஸ்கஸ் கப்ளிங் (கெட்டித் திரவத்தின் வழியாக முன், பின் ஷாஃப்டுகளை இணைக்கும் பாகம்).

5. ஆயில்

ட்ரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது வராமல் கீழ் பிளக்கைத் திறந்து வடித்துவிட்டால் திரும்ப ஊற்ற வழியிருக்காது. சில கேஸுக்கு கியர் ஆயில், சிலதுக்கு ஆட்டோமேட்டிக் ஆயில். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினாலே கிளட்ச் வகை பிடிக்கும். சரியான ஆயிலை மாற்றி, காலி மைதானத்தில் எட்டு போட்டு ஓட்டிப் பாருங்கள், சில வண்டியில் அதோடு தீர்ந்துவிடும். வடித்த ஆயிலில் விரலில் குத்தும் இரும்புத் துணுக்கு வந்தால், அந்த ஆயிலையும் எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள், கேஸை இறக்கத்தான் வேண்டும்.