நூல் பந்து நசுங்காமல் நின்றது எப்படி

கொலுவில் தொங்கவிட, உள்ளே சீரியல் லைட் போட்ட நூல் பந்துகள் செய்ய உட்கார்ந்தேன். பலூனை ஊதி, பசையில் நனைத்த நூலைச் சுற்றி, காய்ந்ததும் பலூனை உடைத்தால் முடிந்தது என்று நினைப்பு. முதல் மூன்றும் பலூன் வெடித்த கையோடு அப்பளம் மாதிரி உள்ளே மடங்கிவிட்டன.

பார்த்தால் தப்பெல்லாம் என்னுடையதுதான். ஃபெவிகாலில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றியிருந்தேன். பலூனில் எதுவும் தடவவில்லை. அதனால் பசை ரப்பரோடு ஒட்டி, பலூன் சுருங்கும்போது நூலையும் இழுத்துக்கொண்டு போனது.

அடுத்த முறை 3 பங்கு பசைக்கு 1 பங்கு தண்ணீர்தான். உல்லன் நூலை விட்டுவிட்டு, கொஞ்சம் தடிமனான பருத்தி நூலை எடுத்தேன். காய்ந்தால் விறைப்பாக நிற்கிறது. பலூனில் வாஸ்லினை மெல்லிசாகத் தடவினேன். அப்பித் தடவினால் ரப்பர் பலவீனமாகி ராத்திரியே வெடிக்கும், அதையும் பார்த்தாயிற்று! வெயிலில் வைக்காதீர்கள், காற்று விரிந்து பலூன் உடையும். ஃபேன் காற்றில் 24 மணி நேரம், மழை நாளென்றால் இரண்டு நாள்.

அப்புறம் முக்கியமான வேலை. பென்சிலின் மொட்டை முனையால் இடைவெளிகளில் மெதுவாக அழுத்தி, பலூனை நூலிலிருந்து பிரித்துவிட வேண்டும். பிறகு முடிச்சுக்குப் பக்கத்தில், ரப்பர் தளர்வாக இருக்கும் இடத்தில் ஊசியால் குத்தினால் காற்று மெல்ல இறங்கும்.

நசுங்கிய மூன்றையும் வெந்நீரில் ஊறவைத்து, நூலை மீட்டுக்கொண்டேன்.