முதல் ஏர்பிரஷ்: எதை வாங்குவது, எப்படி அடிப்பது

ஏர்பிரஷ் என்பது காற்றின் வேகத்தில் பெயின்ட்டைத் தெளிக்கும், பேனா போன்ற கருவி. பிளாஸ்டிக் மாடல்களுக்கு டபுள் ஆக்‌ஷன் (விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட்), மேலே பெயின்ட் கப் வைத்தது, 0.3 மி.மீ. நாசில் (பெயின்ட் வெளிவரும் முனை) போதும். மிச்சப் பணத்தைக் காற்றுத் தொட்டியுள்ள கம்ப்ரஸரில் (காற்றை அழுத்தித் தரும் இயந்திரம்) போடுங்கள். தொட்டி இல்லாவிட்டால் காற்று துடிக்கும், கோடு சீராக வராது.

அக்ரிலிக் பெயின்ட்டை அதற்குரிய தின்னரில் பால் பதத்துக்குக் கரைத்து, 15–20 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 5–8 செ.மீ. தள்ளி, மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். முதலில் காற்று, பிறகு பெயின்ட். நிறுத்தும்போது பெயின்ட்டை முதலில் மூடுங்கள். கிளைகிளையாகச் சிதறி ஓடினால் பெயின்ட் மிகவும் நீர்த்திருக்கிறது, அல்லது அழுத்தம் அதிகம். சொரசொரப்பாகப் படிந்தால் வழியிலேயே காய்கிறது: இன்னும் கொஞ்சம் நெருங்கி அடியுங்கள். ஊசி முனையில் பெயின்ட் காய்ந்து அடைப்பது அக்ரிலிக்கில் அடிக்கடி நடக்கும். தின்னர் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தால் சரியாகும். கப்பில் குமிழி கிளம்பினால் நாசிலைப் பாருங்கள், அடைத்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். இறுக்கி முறுக்காதீர்கள், சின்ன நாசில் எளிதில் உடைந்துவிடும். முகக்கவசம் கட்டாயம், அக்ரிலிக்காக இருந்தாலும்.