ஒரே கீயில ரெண்டு டேபிள்: நான் வாங்கிக் கட்டிக்கிட்டது

போன வாரம் காரைக்குடியில பக்கத்துத் தெரு தம்பி லேப்டாப்பத் தூக்கிட்டு வந்தான், "அண்ணே கஸ்டமர் பேரெல்லாம் காணாமப் போச்சுண்ணே, ஒரு எரர்கூட வரல"ன்னு. கோடத் தொறக்குறதுக்கு முன்னாடியே எனக்குப் புரிஞ்சுபோச்சு, அதே கோட எழுதி அவமானப்பட்டவன் நான். ரெண்டு டேபிளுக்கு ஒரே பிரைமரி கீ (ஒவ்வொரு ரெக்கார்டையும் அடையாளம் காட்டுற ஐடி) வச்சா சத்தமில்லாம வர்ற தப்புகளத்தான் இங்க எழுதுறேன். மைகிரேஷன் (டேபிள் மாத்தத்த டேட்டாபேஸுல ஏத்துறது) போட மறக்குறதெல்லாம் எழுதல, அதுக்கு எரரே வந்து சொல்லிரும்.

காலி ஆப்ஜெக்ட்ட சேவ் அடிக்கிறது

நம்ம பக்கம் நகரத்தார் வீட்ல கல்யாணம் ஆனா கோவில்ல புதுசா ஒரு புள்ளி, அதாவது அந்தத் தம்பதி பேர்ல ஒரு கணக்கு, ஏறும், புள்ளிக்கு இவ்வளவுன்னு வரி. அந்த மாதிரி ஒரு கணக்க ஜாங்கோவுல (Django, வெப் ஆப் கட்டுற பைத்தான் டூல்) பண்ணிக் குடுத்தேன். 'ஆள்' ஒரு மாடல் (ஒரு டேபிளுக்கான கோடு), அதுதான் பேரன்ட். அதுலேருந்து இன்ஹெரிட் பண்ணி, அதாவது அதோட ஃபீல்டெல்லாம் வாங்கிக்கிட்டு, சைல்டா 'புள்ளி', ரெண்டுக்கும் ஒரே பிரைமரி கீ. ஆளு ஏற்கனவே டேபிள்ல இருக்காரு, புள்ளி மட்டும் சேக்கணும், அவ்வளவுதானேன்னு புதுப் புள்ளி ஆப்ஜெக்ட் ஒண்ணு உண்டாக்கி, பேரன்ட் பாயின்டர்ல (இது எந்த ஆளோட புள்ளின்னு காட்டுற ஃபீல்டு) அந்த ஆளக் குடுத்து சேவ் அடிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

ரெண்டு நாள்ல கணக்குப்பிள்ளை போன் பண்றாரு. "என்னப்பா, ரசீதுல வரி இருக்கு, ஆளக் காணோம்?"

நடந்தது இதுதான்: சைல்டு மாடல சேவ் பண்ணா ஜாங்கோ பேரன்ட் டேபிளையும் சேத்துத்தான் சேவ் பண்ணும். என் புள்ளி ஆப்ஜெக்ட்ல பேரு, அப்பச்சி பேரு, போன் நம்பர் எல்லாம் காலி ஸ்ட்ரிங், அந்தக் காலியக் கொண்டுபோய் அப்டேட்டா எழுதிருச்சு. காலி ஸ்ட்ரிங் நல் (null, மதிப்பே இல்லாதது) கிடையாதே, அதனால டேட்டாபேஸும் வாயத் தொறக்கல! எரராவது வந்திருந்தா அன்னைக்கே தப்பிச்சிருப்பேன். பழைய பேக்கப்பத் தேடி எடுத்து ஒவ்வொரு பேரா ஒட்டவச்சேன், இப்ப நெனச்சாலும் பத்திக்கிட்டு வருது. கைநோட்டுல எழுதுறவரு புதுப் புள்ளி ஏத்துறப்ப பழைய பக்கத்த ரப்பர் வச்சு அழிப்பாரா?

இன்ஹெரிட்டன்ஸ மாத்த முடியாதுன்னா சேவ்_பேஸ (save_base) கூப்பிட்டு ரா=ட்ரூ (raw=True) குடுங்க, சைல்டு டேபிள் மட்டும் எழுதும். ஆனா ஆட்டோ_நவ் (auto_now) தேதியெல்லாம் அப்ப தானா நிரம்பாது, நீங்களே போடணும். புதுசா ஆரம்பிக்கிறீங்கன்னா இன்ஹெரிட்டன்ஸே வேணாம், தனி மாடல் வச்சு, ஒன்டுஒன் ஃபீல்டுல (OneToOneField) பிரைமரி_கீ=ட்ரூ (primary_key=True) போடுங்க. கீ அதேதான், ஆள் டேபிளத் தொடவே தொடாது. தம்பிக்கும் இதத்தான் சொன்னேன்.

மேக்ஸ் ஐடி பிளஸ் ஒண்ணு

இருக்குறதுலேயே பெரிய ஐடியோட ஒண்ணக் கூட்டி புது ஐடி போடுறது வேணாம். ரெண்டு பேரு ஒரே நேரத்துல அடிச்சா ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்.

சேவ் ஆகாத பேரன்ட்டோட ஐடி

அது நன் (None), ஐடி இன்னும் வரலன்னு அர்த்தம். எஸ்க்யூஎல்ஆல்கெமியில (SQLAlchemy, டேட்டாபேஸுக்கான இன்னொரு பைத்தான் டூல்) ஐடி உடனே வேணும்னா ஃபிளஷ் (டேட்டாபேஸுக்கு அனுப்பும், ஆனா முடிவாக்காது) போதும், அதுக்காக கமிட் அடிச்சு ட்ரான்சாக்ஷன ரெண்டாப் பிளக்காதீங்க, பாதியில விழுந்தா பேரன்ட் மட்டும் அனாதையா நிக்கும்.

ஹைபர்னேட் ஆளுங்களுக்கு

ஹைபர்னேட் ஜாவா பக்கத்து டேட்டாபேஸ் டூல். அதுல மேப்ஸ்ஐடி (@MapsId, பேரன்ட்டோட ஐடியவே எடுத்துக்கச் சொல்றது) போட்டுட்டு ஐடியையும் கையால செட் பண்றீங்க பாருங்க, அத நிறுத்துங்க. வெர்ஷன் ஃபீல்டு இல்லாத என்டிட்டியில ஐடி நிரம்பியிருந்தா ஸ்பிரிங் டேட்டா (ஹைபர்னேட்டுக்கு மேல வச்சுக்குற லைப்ரரி) அத பழைய ரெக்கார்டுன்னு நெனச்சு, புதுசா சேக்காம மெர்ஜுக்குப் போயிரும்.

டெலீட்

ஜாங்கோ இன்ஹெரிட்டன்ஸ்ல புள்ளியத் தூக்குனா ஆளும் சேந்து போயிருவாரு. கீப்_பேரன்ட்ஸ்=ட்ரூ (keep_parents=True) குடுங்க, அதுவும் ஒத்த ஆப்ஜெக்ட் டெலீட்டுக்குத்தான், குவெரிசெட் டெலீட்ல (பல ரெக்கார்ட ஒரே அடியா அழிக்கிறது) அது கிடையாது.